வந்தால் மலை

மூன்று வாரத்துக்கு ஒருமுறை என் சலூனுக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வருவார். தலையில் எண்ணி ஒன்பது முடி. அதை வெட்டிக்கொள்ள நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பார். மனைவி இறந்து ஆறு வருடம். வாயைத் திறந்தால் மலை ஏரியும் ட்ரவுட் மீனும்தான். முடிக்காக வருகிறாரா, எனக்காக வருகிறாரா? நாற்பத்து மூன்று வயதில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இதற்கு மேல் பொறுமை இல்லை. இந்தக் கோடையில் ஏரிக்குக் கூப்பிட்டபோது, இன்று கேட்டே விடுவது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இந்த மீனுக்கு அவர் புழு போடுவதில்லை. தூண்டில் முள்ளில் இறகும் முடியும் சுற்றிப் பொய் ஈ கட்டி, பூச்சி உட்காருவதுபோலத் தண்ணீர்மேல் இறக்குவார். கரையோரம் விழுந்துகிடந்த மரத்தடியில் ஒரு பெரிய மீன் மூன்று கோடையாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய ஈ எதையும் சீண்டவில்லை. அவர் சொல்லக் கேட்டு நான் கட்டிக் கொண்டுவந்த சாம்பல் நிற ஈயைப் போட்டதும் மேலே வந்து ஒரு கவ்வு கவ்விப் பார்த்து விட்டுவிட்டது.

அவர் மறுபடி தூண்டிலை ஓங்கினார். அடுத்து கிளைகளுக்கு நடுவே வீச வேண்டும். சிக்கினால் ஈ திரும்பாது. என்னிடமும் வேறு இல்லை.

"மயிரைக் கட்டி மலையை இழுப்போம். வந்தா மலை, போனா மயிர்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"அது என்னோட முடி சார்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. என் காதோரம் பார்த்தார். ஊருக்கெல்லாம் சாயம் பூசும் நான், அந்த நரையை மட்டும் இந்த ஈக்காகப் பூசாமல் விட்டிருந்தேன். அதையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

தூண்டில் நரம்பைச் சுற்றி இழுத்தார். ஈயை வெட்டியெடுத்துத் துடைத்து, கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டார். கடை ஈ ஒன்றைக் கட்டி வீசினார். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு வருஷம் காத்திருந்த மீனாச்சே சார்," என்றேன்.

"அஞ்சு வருஷமா உங்க கடைக்கு வர்றேன்," என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "இந்தத் தலைக்கு எதுக்குங்க அத்தனை தடவை?"

அப்புறம், அக்காவிடம் தானே வந்து பேசலாமா என்று கேட்டார்.  சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன்.

இறங்கும் வழியில் அக்கா போன் செய்தாள். கேட்டாயா, மீன் கிடைத்ததா என்று இரண்டையும் சேர்த்தே விசாரித்தாள்.

"மயிரும் போகலக்கா, மலையும் வந்துடுச்சு," என்றேன்.