விழுங்காத வாய்

கேமராவில் படாதபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொள்வதுதான் அவள் வேலை. நூடுல்ஸ் விளம்பரம். நடிக்க வந்த பெண் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பாள், கண்ணை மூடிச் சிரிப்பாள். இயக்குநர் "கட்" சொன்னதும் குனிந்து வாளியில் துப்புவாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கரண்டி. பாத்திரம் கழுவ வந்தவளின் தலையில் இந்த வேலையையும் கட்டியதிலிருந்து, அங்கே எல்லாருக்கும் அவள் வாளியக்காதான்.

காலையிலிருந்தே அவளுக்கு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் மகள் சோற்றைத் தொடுவதில்லை. டிவியில் வருகிற இதே பாக்கெட்டுதான் வேண்டும். கரண்டியைக்கூட அதில் வருகிறவள் மாதிரியே பிடிப்பாள். ஊரையே தின்னச் சொல்கிறவள், தான் மட்டும் ஏன் ஒரு வாய்கூட விழுங்குவதில்லை? மேஜையருகே ஒருவன் பிரஷ்ஷால் நூடுல்ஸ் மேல் எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் வலுத்தது.

இடைவேளையில் அவள் குழாயடியில் வாளியைக் கழுவும்போது, அந்தப் பெண் முகம் கழுவ வந்தாள்.

"பாப்பா, மறைக்காம சொல்லு. இதுல என்னத்தைக் கலந்திருக்காங்க?"

"ஒண்ணும் கலக்கலைக்கா."

"அப்புறம் ஏன் துப்புற? என் பொண்ணு தினமும் இதைத்தான் திங்கறா."

பெண் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "முழுங்கினா உடம்பு போட்டுடும்க்கா. கன்னம் கொஞ்சம் உப்பினாலும் வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. நேத்துலேருந்து வெறும் தண்ணிதான்."

வாளியக்கா முழுசாக நம்பவில்லை. நடிக்கிறவள், பேச்சும் நடிப்பாக இருக்கலாம். ஆனால் முகம் கழுவ வந்தவள் குழாயில் வாய் வைத்து மடக்மடக்கென்று குடித்தாள். அதை நடிப்பென்று ஒதுக்க முடியவில்லை.

மறுபடி விளக்குகள் எரிந்தன. "கட்." பெண் குனிந்தாள். வாளியில் எதுவும் விழவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. அடுத்த முறையும் அப்படியே. மிக அருகில் அவள் கண்கள் வாளியக்காவைப் பார்த்தன. வாளியக்கா எதுவும் பார்க்காதவள்போல வாளியின் விளிம்பைத் துணியால் துடைத்தாள்.

ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சித்தி எழுந்து வந்தாள். வாய்ப்புப் பிடிப்பது, பேரம் பேசுவது, கூட வருவது எல்லாம் அவள்தான்.

"இந்தாம்மா, அவ துப்பினாளா?"

"துப்பினாங்கம்மா."

"வாளியைக் காட்டு."

கழுவின வாளி கழுவினபடியே இருந்தது.

"எனக்கே காது குத்துறியா?" சித்தி குரலை உயர்த்தவில்லை. பெண்ணின் முழங்கையைப் பிடித்தாள். "வாடி. நீயும் வாளியோட வா."

குளியலறைக் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டாள் சித்தி.

"ரெண்டு வாய்தான் சித்தி."

"தெரியும். தொண்டையில விரலை விடு. நாளைக்குத் துணிக்கடைக்காரங்க அளவெடுக்க வர்றாங்க."

"பாவம்மா, விட்டுடுங்க," என்றாள் வாளியக்கா.

"அடுத்த விளம்பரம் நீ வாங்கித் தருவியா இவளுக்கு?"

வாளியக்கா ஒரு கையால் வாளியைப் பிடித்து, மறுகையால் பெண்ணின் முதுகைத் தாங்கினாள். உடுப்பு தொளதொளக்காமல் இருக்கப் பின்னால் குத்தியிருந்த கிளிப்புகளுக்கு நடுவே எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது.

திரும்பி வந்ததும் பெண்ணின் கண்ணைத் துடைத்து, உதட்டுக்குச் சிவப்பைப் புதுப்பித்தார்கள். கிண்ணத்திலிருந்து ஆவி பறந்தது. கரண்டி மேலே வரவர அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. உதடு லேசாகத் துடித்தது.

இயக்குநர் திரையை நோக்கிக் குனிந்தார். "பாருங்க, பசின்னா இதுதான். காலையிலேருந்து இதைத்தான் கேட்டுட்டிருக்கேன். இதையே இன்னொரு தடவை எடுத்துடலாம்."

சித்தி தன் நாற்காலியை இழுத்து வாளிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

பெண் வாயைத் திறந்தாள். கீழே, வாளியக்கா வாளியைத் தூக்கிப் பிடித்தாள்.