வெளி உறுப்பினர்

நெறிமுறைக் குழு என்ற பெயரைக் கேட்டாலே ஆய்வு மாணவர்களுக்குத் தூக்கம் போய்விடும். மனிதர்களிடம் போய்க் கேள்வி கேட்டு ஆராய்ச்சி செய்வதென்றால், அந்தக் கேள்வியால் அவர்களுக்கு ஒரு தீங்கும் வராது என்று முதலில் இந்தக் குழுவின் முன் நிரூபிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று காலை குழு அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தீங்கைப் பற்றிய நினைப்பே இல்லை. இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பது ஒன்றுதான் கவலை.

குளிர்பதனக் கிடங்குகளில் நடக்கும் விபத்துகளைத் தொழிலாளர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை என்பது அவளுடைய ஆய்வு. "உங்க கேள்விக்கு ஒருத்தராவது வாய் திறப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று முதல் தடவை கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதனால் சோதனைக்கென்று ஒருவரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, பதில்களைப் பெயரில்லாமல் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தாள். அந்த ஒருவர் அவளுடைய அக்காவின் கணவர்.

குடும்பத்தாரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. 'தெரிந்தவர் மூலம் அறிமுகமானவர்' என்று எழுதிவிட்டாள். அத்தானும் அக்கா மூலம் அறிமுகமானவர்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான், ஒரு முட்டுக்கொடுத்துச் சொல்வார்கள்.

அத்தான் லேசில் பேசிவிடவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டில் கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சொன்னார். உறைபனி அறைக்குள் ஒரு சுமைதூக்குபவர் சிக்கிக்கொண்டார். கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. உடம்பை அவர் தங்கியிருந்த அறைக்குத் தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தி, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்ல வைத்தார்கள். தூக்கிப்போனவர்களில் அத்தானும் ஒருவர்.

"இதை வெளிய பேசினவன் ஒருத்தன் இருந்தான், டாக்டரம்மா," என்றார் அத்தான். பட்டம் வாங்குவதற்கு முன்பே அவளுக்கு அவர் வைத்த பெயர் அது. "இப்ப எங்க இருக்கான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியல."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "உன் படிப்புக்கு வேற ஆளே கிடைக்கலயா? இவர விட்டா எனக்கும் புள்ளைங்களுக்கும் யாரு இருக்கா?" என்றாள்.

"பேர் இருக்காதுக்கா. எழுதறது எல்லாம் பத்திரமா இருக்கும்."

சொன்னதை முழுதாக நம்பித்தான் சொன்னாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. நடுவில் குழுத் தலைவி, அவருக்கு இந்தப் பக்கம் சட்டப் பேராசிரியர், அந்தப் பக்கம் போனை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு மருத்துவர். மேசையின் கடைசியில் நரைத்த தலையோடு ஒருவர், கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவர் நம்ம வெளி உறுப்பினர்," என்றார் தலைவி. "பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் குழுவுல இருக்கணும்ல, பொதுமக்கள் சார்பா."

மற்றவர்களின் கேள்விகள் சம்பிரதாயத்துக்குத்தான். ஒலிப்பதிவுகளை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். பிறகு வெளி உறுப்பினர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. இந்தத் தொழிலாளி சொல்றத எப்படி நம்பறது? காதுல விழுந்ததக் கண்ணால பார்த்ததாச் சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க."

கரும்பு தின்னக் கூலியா? தன் தகவல் அசலானது என்று நிரூபிக்கச் சொன்னால் எந்த ஆய்வாளருக்குத்தான் வாய் நிற்கும்?

"கேள்விப்பட்டது இல்ல சார். உடம்பைத் தூக்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்."

"ஓ, அந்த நாலு பேர்ல ஒருத்தரா?"

நாலு பேர் என்று அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

"ஆமா சார்."

"அப்ப மத்தவங்ககிட்டயும் கேட்டுச் சரிபார்க்கலாமே?"

"முடியாது சார். மத்த மூணு பேரும் வேலையை விட்டுப் போயிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் இன்னும் அங்கயே இருக்கார். அதனாலதான் இவர் சொல்றதுக்கு இவ்வளவு மதிப்பு."

அவர் தலையாட்டினார். கோப்பை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை இல்லை."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கேடு இன்னொருவருக்கு.

பிற்பகலில், ஒப்புதல் கடிதத்தை வாங்கப் போனபோது, தலைவியே அறைக்குள் கூப்பிட்டு வாழ்த்தினார். "வெளி உறுப்பினர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. உங்க ஆராய்ச்சி அவருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. பிடிக்காதா பின்னே? அவருக்கு அத்துப்படியான தொழிலாச்சே. புறவழிச்சாலையில பெரிய குளிர்பதனக் கிடங்கு இருக்கே, அதோட நிர்வாகி அவர்தான்."

அத்தான் வேலை செய்யும் கிடங்கு அது.

நாலு பேர் என்ற சொல் அப்போதுதான் மனதில் போய் விழுந்தது. இத்தனை நாளில் பயம் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தோமே, அதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது.

"மேடம், விண்ணப்பத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"என்னம்மா விளையாடறீங்களா? வாபஸ்னா காரணம் எழுதிக் கொடுக்கணும். அது எல்லா உறுப்பினருக்கும் போகும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். இங்க ஒளிவுமறைவுக்கு இடமே கிடையாது."

காரணம் எழுதினால் என்ன எழுதுவது? அவர் என் அத்தான் என்றா? எழுதாவிட்டால் மட்டும் என்ன வாழ்ந்தது? தீங்கு வரக்கூடாது என்று வைத்த அத்தனை விதிகளும் ஒரே திசையில் கை நீட்டிக்கொண்டிருந்தன. இணைத்த பக்கங்களையாவது திருப்பிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கெஞ்சினாள். உறுப்பினர்களின் பிரதிகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள் என்றார் எழுத்தர்.

அத்தானுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கிடங்குக்குள் நுழையும்போதே போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும், வெளியே வரும்போதுதான் கிடைக்கும். புறவழிச்சாலைப் பேருந்தில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் ஓட்டுநரை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். கிடங்கின் வெள்ளைச் சுவர் தூரத்தில் தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"என்ன டாக்டரம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? பாஸா?"

"அத்தான், எங்க இருக்கீங்க?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். சந்தோஷத்தைத் தாழ்த்த முடியவில்லை. "நிர்வாகி ரூம்ல. மேஸ்திரியே வந்து கூட்டிட்டு வந்தார், போனக்கூடக் கையில கொடுத்துட்டாங்க. சோபாவுல உக்கார வச்சிருக்காங்க, தெரியுமா? இத்தனை வருஷத்துல இந்த ரூமுக்குள்ள நான் கால் வச்சதில்லை. சூப்பர்வைசர் வேலை ஒண்ணு காலியா இருக்கு, அதுக்குத்தான் இருக்கும். அக்காகிட்ட இப்பவே சொல்லிடாத."

"அத்தான், எந்திரிச்சு வெளிய வாங்க. ஒண்ணும் பேசாதீங்க. என்னைத் தெரியும்னு மட்டும்..."

"இரு இரு, வந்துட்டார்."

அவர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மெதுவான குரல்.

"உக்காருங்க, உக்காருங்க. போன்ல யாரு, வீட்டம்மாவா?"

"இல்ல சார்." அத்தான் போனை வாயிலிருந்து விலக்கியிருக்க வேண்டும், ஆனாலும் அந்தப் பெருமை தெளிவாகக் கேட்டது. "என் கொழுந்தியா. யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றா சார்."

"அப்படியா," என்றார் அவர். "சரி, போனை இங்க குடுங்க. நாம பேசலாம்."

அத்தான் கொடுத்துவிட்டார்.