ஆறாவது கைப்பிடி

பெட்டியின் கைப்பிடியிலிருந்து ராக்னாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார் பெரியப்பா ஆர்விட். ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று போய் ஒட்டிக்கொண்டது.

"விடும்மா. இது ஆம்பளைங்க தூக்கறது."

"உள்ள இருக்கறது எங்கப்பா."

"எனக்கும் தம்பிதான். அதுக்காக? நீ சின்னப் பொண்ணு. தள்ளி நில்லு."

சின்னப் பொண்ணு அவருடைய வழுக்கையை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயதுதான். ஆனால் போன கோடையிலிருந்து யாரையும் கேட்காமல் வளர்ந்துவிட்டாள்.

சற்று முன்புதான், சர்ச்சுக்குள் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்து அவள் ஓவென்று அழுதபோது, பெரியம்மா பெர்னிஸ் தோளைப் பிடித்து உலுக்கியிருந்தாள். "இவ்வளவு வளந்த பொண்ணு இப்படியா அழறது? அம்மாவுக்கு நீதான தைரியம் சொல்லணும்?" அழுகையை விழுங்கிவிட்டு வாசலுக்கு வருவதற்குள் சின்னப் பொண்ணாகிவிட்டாள். அழுவதற்குப் பெரியவள், தூக்குவதற்குச் சின்னவள். இந்த அளவுகோலை இவர்கள் எந்தச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஆறாவது கைப்பிடி பெரியப்பாவுக்கு உரியது. ஆனால் அவருக்கு முதுகுவலி. அது சாதாரண முதுகு இல்லை. வைக்கோல் கட்டும் நாளில் பிடித்துக்கொள்ளும். சோள அறுவடையில் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டு நடனத்தில் மட்டும் வாத்தியம் தொடங்குவதற்கு முன்பே சரியாகிவிடும். அதனால் தம் மகன் எல்டனை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்.

எல்டனுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கோட்டின் கைக்குள் அவன் கைகள் காணாமல் போயிருந்தன.

"அவனவிட நான் ஒரு தலை உசரம், பெரியப்பா."

"உசரத்துல என்ன இருக்கு? போன வருஷம் அவனுக்குச் சர்ச்சுல திடப்படுத்தல் ஆயிடுச்சு. சபை முன்னாடி நின்னு ஒப்புக்கொடுத்தவன். பெரிய மனுஷன்."

பெரிய மனுஷன் மூக்கை உறிஞ்சினான்.

அப்பா ஹால்வர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் கணக்கில் வளர்ச்சி வேறு விதமானது. ராக்னா பனிப்புயலில் பிறந்தபோது, குளிருக்குப் பயந்து அவளைத் தம் கம்பளித் தொப்பிக்குள் போட்டு, அதன் காதுமூடிகளை இழுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்வார். தவழ ஆரம்பித்தவள் பின்பக்கமாகத்தான் தவழ்ந்தாளாம். அப்பாவிடம் வர வேண்டுமென்றால் முதலில் அவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாளாம். முதலில் விழுந்த பால் பல்லைப் பன்றி விழுங்கிவிட்டது. அந்தப் பன்றி மாவட்டக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கியது. இன்னொரு பல் தின்றிருந்தால் முதல் பரிசு என்று அப்பாவுக்குக் கடைசிவரை வருத்தம்.

போன ஜூலையில் இருவரும் வயலோரம் உட்கார்ந்து சோளம் வளரும் சத்தத்தைக் கேட்டார்கள். அயோவா மாநிலத்தில் எல்லாரும் கேட்பார்கள். "கறக் கறக்குன்னு கேக்குதா? அது சோளம் இல்ல, உன் முழங்கால்," என்றார் அப்பா. வலித்த கால்களுக்கு மாட்டு மடிக்குப் போடும் களிம்பைத் தேய்த்துவிட்டார். "பொண்ணுங்க முதல்ல கிளம்பிடுவீங்க. பசங்க பின்னாடிதான் ஓடி வருவாங்க. எல்டன் வர்ற வரைக்கும் நீதான் உசரம். கூனிக்கிட்டு நடக்காத."

அந்த அப்பாதான் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கும்போது ரப்பர் பூட்ஸோடு விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. பெட்டி நகர்ந்தது. சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்தது. பனி உருகிய மார்ச் மாதச் சேறு. போதகர் முன்னால் பாடிக்கொண்டு போனார். ராக்னா அம்மா லவோனுடன் பின்னால் நடந்தாள்.

பாதி மேட்டில் எல்டனின் மூலை இறங்கியது. அவன் தூக்கினான்; மறுபடி இறங்கியது. பெட்டி, ஒரு பக்கம் தண்ணீர் ஏறிய படகுபோலச் சாய்ந்தது. உள்ளே ஏதோ சறுக்கி மரத்தில் இடித்தது.

அப்பா.

எல்லார் காதிலும் விழுந்தது. எல்லாரும் பாட்டைச் சற்று உரக்கப் பாடினார்கள்.

ராக்னா அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"தள்ளுடா."

"எங்கப்பா என்னைக் கொன்னுடுவாரு."

"எங்கப்பாவ நீ கீழ போட்டா நான் கொல்லுவேன்."

எல்டன் ஒரு கணம் இரண்டு சாவையும் எடைபோட்டான். "கை கழண்டுடும் போலருக்கு. பிடி, பிடி," என்று விட்டுவிட்டான்.

பெட்டி நிமிர்ந்தது. நிமிர்ந்தது மட்டுமல்ல, அந்தக் கைப்பிடி மற்ற ஐந்தையும்விட மேலே போய்விட்டது. அவள் முழங்காலை மடக்கித்தான் பெரியவர்களின் மட்டத்துக்கு வர வேண்டியிருந்தது.

பெரியப்பா மேட்டில் ஓடி வந்தார். முதுகுவலிக்காரர் ஓடுகிற ஓட்டமாக அது இல்லை.

"ராக்னா! மானத்த வாங்காத. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"லவோன், உன் பொண்ணக் கொஞ்சம் பாரு!"

அம்மா சேற்றிலிருந்து காலை எடுத்து அடுத்த அடி வைத்தாள்.

"பாத்துட்டுதான் இருக்கேன்," என்றாள்.

அதற்குப் பிறகு பெட்டி சாயவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் சாப்பாடு. பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, பாத்திரம் பாத்திரமாகக் காப்பி. பெரியப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். தம்பியைச் சுமந்தவர்களுக்கு நன்றி சொன்னார். ஐந்து பெயர்களைச் சொல்லி, ஆறாவதாக, "எல்டன்," என்றார். "நேத்து வரைக்கும் பையன். இன்னைக்கு ஆம்பளையாயிட்டான்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்டனின் முதுகில் தட்டினார்கள். அவன் தட்டைப் பார்த்தான். காது சிவந்தது.

"பொய்," என்றாள் ராக்னா.

கரண்டிச் சத்தம் நின்றது. எழுந்து நின்றிருந்தாள். "அவன் பாதியில விட்டுட்டான். நான்தான் கொண்டுபோனேன். எல்லாரும் பாத்தீங்கல்ல? சொல்லுங்களேன்!"

சற்று முன் பாட்டை உரக்கப் பாடியவர்கள் இப்போது காப்பியை ஆற்றினார்கள். எல்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அப்பா அவன் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தார்.

"பாவம், கொழந்தை," என்று பெர்னிஸ் எழுந்து வந்தாள். "துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியல. வா செல்லம், சின்னப் பசங்க மேசையில இடம் இருக்கு."

ராக்னா போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முன்னும் ஒரு தட்டு வந்தது. கத்தியை எடுக்கப் பார்த்தாள். வலது கை இன்னும் கைப்பிடியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது, பிரிக்க வரவில்லை. மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

அம்மா அதைப் பார்த்தாள். மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பன்றித்தொடையை வெட்டத் தொடங்கினாள். சின்னச் சின்னத் துண்டுகளாக, தொண்டையில் சிக்காத அளவுக்கு. கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி அம்மா நீட்டினாள்.

ராக்னா நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.