கெங்கம்மாள் காட்டிய இடம்

1971ஆம் வருஷக் கோடை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கோயில் கிணறு தவிர மற்றக் கிணறுகள் எல்லாம் தூர் தெரிய வற்றிவிட்டன. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று ஆழ்குழாய் போட்டு அடிபம்பு வைத்துத்தர முன்வந்தது. எஞ்சினியர் வெள்ளைக்காரர். அவர் பேச்சைத் தமிழிலும் ஊரார் பேச்சை இங்கிலீஷிலும் சொல்கிற வேலை எனக்கு. திருவள்ளூரில் கோயில் கைங்கரியத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவன் நான்.

ஊர்த்தலைவர் பச்சையப்பன் கோயில் வாசலைக் காட்டினார். "இங்கியே போட்டுடலாம். ஊரே ஒத்துக்கினாச்சு."

எட்ட நின்ற காலனிப் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். நடவுக் கூலிக்குப் போகிற கெங்கம்மாள்.

"எங்கள யாரும் கேக்கலியே சார்! கோயிலாண்ட போட்டா கொடத்த வெச்சிக்கினு தூரமா நிக்கணும். யாராச்சும் எரக்கப்பட்டு ஊத்துனாத்தான் தண்ணி. பிச்ச வாணாம். எங்க கையால நாங்க அடிச்சிக்கணும்."

பச்சையப்பன் என் பக்கம் குனிந்தார். "இதப் போயி தொரகிட்ட சொல்லாத சாமி."

எங்கள் வீட்டுக் கிணற்றிலும் வெளியார் யாரும் இறைத்ததில்லை. ஆனாலும், அவள் சொன்னதில் ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டேன்.

எஞ்சினியர் வரைபடத்தை மடித்தார். "எங்கே வேண்டும் என்று அந்த அம்மாவையே காட்டச் சொல்லுங்கள்."

காலனிக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். அவள் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ரோட்டோரமாகப் போய் நின்றாள்.

"எங்க தெருவுல போட்டா அவுங்க வர மாட்டாங்க. அந்தப் பொம்பளைங்களுக்கும் தாகம் இருக்குதில்ல? ரோடு சர்க்காருது. இங்கேர்ந்து யாரையும் யாரும் தொரத்த முடியாது."

நூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்தது.

அந்த வருஷம் உள்ளூரில் ஒருவரும் அவளை நடவுக்குக் கூப்பிடவில்லை. நாலு மைல் நடந்து வேறு ஊருக்குக் களை எடுக்கப் போனாள். பம்பு பார்க்கப் போன நான், "பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டேன்.

"காலு வலிக்குது. அத்தோட சரி," என்றாள்.

எஞ்சினியர், ஊர்கள் பம்பு கேட்டு எழுதும் விண்ணப்பப் படிவத்தில் முதல் கேள்வியை மாற்றினார்: இடத்தை முடிவு செய்யும்போது யார் யாரைக் கேட்டீர்கள்?

அடுத்த வருஷம் ஆடியில் கோயில் கிணறும் வறண்டது. பச்சையப்பன் மனைவி அஞ்சம்மாள் குடத்தோடு ரோட்டுக்கு வந்தாள். பெண்கள் விலகி வழிவிடப் பார்த்தார்கள். கெங்கம்மாள் விடவில்லை.

"வரிசையில நில்லும்மா. உனுக்கு முன்னால ஏழு பேரு கீறாங்க."

அஞ்சம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கி, எட்டாவதாக வைத்தாள்.