ஏலராணியின் மூன்றாவது பேறு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி என்று கொச்சியில் நாங்கள் குடியிருக்கும் சுள்ளிக்கல் முழுக்க நான் சொல்லிவைத்திருந்தேன். ஒருத்தி நான், வீரலட்சுமி. இன்னொருத்திக்கு நாலு கால், பெயர் ஏலராணி.

மட்டாஞ்சேரியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒருவர் அவளைக் குட்டியிலேயே வாங்கி, கிண்டி குதிரைப் பந்தயத்துக்கு அனுப்பினார். 1996இல் தொடங்கி மூன்று வருடம் ஓடினாள். ஏழு ஜெயம். அங்கே அவளைக் குளிப்பாட்டி, உடம்பு தேய்த்து, கொள்ளு வைத்தவர் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து. எங்கள் மகள் வசந்திக்குக் காது குத்திய அன்றுகூட, ஊட்டியில் இவளுக்குப் பந்தயம் என்று மனிதர் வரவில்லை. அந்த எரிச்சல் எனக்கு ஆறவே இல்லை.

முன்னங்கால் நரம்பு வீங்கி ஓட்டம் நின்றதும், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் குட்டி ஈன விட்டார்கள். இவரும் மட்டாஞ்சேரியில் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கி வேலைக்கு வந்துவிட்டார். முதல் கரு ஏழாம் மாதம் கலைந்தது. அடுத்தது செத்துப் பிறந்தது. மூன்றாவது சினையில் இருக்கும்போது வியாபாரி காலமானார். பண்ணைக்காரன் கைகழுவிவிட்டான். வியாபாரியின் மனைவி கமலாக்ஷி கொச்சம்மாதான் அவளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, காலியாகக் கிடந்த சுக்குக் கிட்டங்கியில் கட்டினார். இந்தக் குட்டியும் போனால் கடற்கரையில் சவாரி விடும் அபிலாஷுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலோடு மணலில் ஓடினால் இரண்டு மாதம் தாங்கமாட்டாள் என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

2003 மார்ச்சில் ஒருநாள் அவள் காம்பில் மெழுகு போலப் பால் திரண்டது. மறுநாள் முதல் போட்டில் இவர் எறணாகுளத்துக்கு டாக்டரைக் கூட்டிவரப் போனார். என்னைக் காவலுக்கு வைத்தார். நான் கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். பதினோரு கன்று என் கையில் விழுந்திருக்கிறது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

எட்டு மணிக்குத் திடீர் ஹர்த்தால். அக்கரையில் ஏதோ அடிதடியாம். போட் நின்றது, பஸ் நின்றது, யூதர் தெருவான ஜூ டவுனில் கடைகள் ஷட்டரை இறக்கின. பதினோரு மணிக்கு ஏலராணி வேர்த்துக் கொட்டிக்கொண்டு படுத்தாள்.

பை எட்டிப் பார்த்தது. தடித்த, இரத்தச் சிவப்பு. மாட்டில் நான் இப்படிப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டு வழக்கப்படி பனிக்குடத்தில் இரும்பு படக்கூடாது. அது தானாக உடைய வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வாசலில் நின்ற கொச்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வீரலட்சுமி, ஒண்ணும் செய்யண்டாமா?"

"பேசாம இருங்க கொச்சம்மா. எல்லாம் தானா வரும்."

ஏலராணி முக்கினாள். பை பெரிதானது, உடையவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மறுபடி முக்கினாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போனது. அப்போதுதான் கிட்டங்கி போன் அடித்தது. இவர்தான்.

"ஏட்டி, டாக்டர் வீட்ல இருந்து பேசுதேன். ஒரு வண்டியும் விடமாட்டேங்கானுவ. அவ எப்படி இருக்கா?"

"படுத்துட்டா. பை வந்துருக்கு."

"டாக்டர் என்ன நெறம்னு கேக்காரு."

"சிவப்பு."

அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ உரக்கச் சொன்னார். இவர் கத்தினார். "அறுட்டி! இப்பவே அறு! வெள்ளைதான் வரணுமாம். சிவப்புன்னா நஞ்சுக்கொடி முன்னாடியே கழண்டுட்டு. குட்டிக்கு உள்ள மூச்சு கெடையாது!"

போனைப் போட்டுவிட்டு, சாக்குத் தையல் அறுக்கும் பிச்சாத்தியை எடுத்து ஓடினேன். அறுத்தேன். நீர் பீறிட்டது. குளம்பு இரண்டும் கைக்கு அகப்பட்டன. அவள் முக்க முக்க நான் இழுத்தேன். கொச்சம்மா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். குட்டி வைக்கோலில் வழுக்கி விழுந்தது. பெட்டைக் குட்டி. சளியை வழித்து, மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறி, வாய் வைத்து ஊதினேன். நெஞ்சு ஒருதரம் ஏறியது. ஒரே ஒருதரம். அப்புறம் எவ்வளவு ஊதியும் ஏறவில்லை. நான் வெறுத்த குதிரையின் குட்டிக்காக வாய்விட்டு அழுதேன்.

மாலை ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்து இவர் வந்தார். ஏலராணி இன்னும் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"இசக்கி, இதினு ராசி இல்லா," என்றார் கொச்சம்மா. "மூணு பிரசவம், மூணும் போயி. நாளைக்கு அபிலாஷை வரச் சொல்லு."

இவர் ஏலராணியின் கழுத்தைத் தடவியபடி நின்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சக்களத்தி நாளையோடு ஒழிந்தாள். என்மேலும் ஒரு பழி வராது. ஆனால் ராசியில்லாதவள் என்ற பேரோடு அவள் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ ராசியக் குத்தம் சொல்லாதீங்க கொச்சம்மா. சிவப்பப் பார்த்ததுமே அறுத்திருந்தா குட்டி பொழச்சிருக்கும். போன் வாறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நான் சும்மா நின்னேன். நீங்க கேட்டதுக்கும் பேசாம இருங்கன்னு சொன்னேன். கொன்னது நாந்தான், அவ இல்ல."

"அப்படியெங்கில், இன்னும் ஒரு வருஷம் கூடி இங்கே நிக்கட்டு," என்று சொல்லிவிட்டுக் கொச்சம்மா படியிறங்கிப் போனார்.

இவர் திரும்பினார். "பத்து நிமிஷமா?"

"ஆமா."

இவர் குட்டியைச் சாக்கில் கிடத்தினார். மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தேன். என் கையை விலக்கிவிட்டு, அத்தனை பாரத்தையும் தனியாகவே வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்.