ராயா வீட்டு ஆடு

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்பார்கள். எங்கள் ஊருக்கு வந்த நரி வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. பட்டப்பகலில், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடுத்தெருவில் நடந்து வந்தது.

மலையடிவாரத்தில் நரி ஒன்றும் புதிதல்ல. கோழிக்கும் உதிர்ந்த பேரீச்சைக்கும் இருட்டில் வரும், ஆளைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. பள்ளிவாசல் மோதினார் சாலிம் வாய்க்கால் படியில் உட்கார்ந்து, தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார். பாவம், பசியில் வந்திருக்கிறது என்று மடியிலிருந்த பழத்தை எடுத்து எறிந்திருக்கிறார். அது பழத்தை விட்டுவிட்டு அவர் குதிகாலைப் பிடித்துக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் அங்கிருந்து ஓடி, என் அடுத்த வீட்டு ராயாவின் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்தது. வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் ஹுமைத் பேரீச்ச மட்டையால் அடித்துக் கொன்றார்.

மருந்தகத்து டாக்டர் சூடான்காரர், நல்ல மனிதர். மோதினாருக்கு ஊசி போட்டார். பிறகு தெருவுக்கே வந்து, வேறு யாரையாவது கடித்ததா, ஆடு மாட்டைக் கடித்ததா என்று வீடுவீடாகக் கேட்டார். ராயா தன் ஆடுகளைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றின் உதட்டில் மட்டும் ஒரு கீறல் இருந்தது. முள்மரத்தை மேய்கிற ஆட்டுக்கு உதட்டில் கீறல் இல்லாவிட்டால்தான் அதிசயம். "ஒண்ணும் ஆகல டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் மேல் பழி போட எத்தனையோ நாள் வழி தேடினேன், அகப்படவில்லை.

மோதினார் நொண்டிக்கொண்டே பாங்கு சொல்லப் போவதைப் பார்த்து ஊரே சிரித்தது. நரிக்கதை அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

உதட்டில் கீறல் பட்ட அந்த ஆடு ராயாவின் மகள் ஷம்ஸாவுக்கென்று வைத்திருந்த கறவை. ஷம்ஸா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பால் வேண்டும் என்று அதற்கு மட்டும் தனிக் கவனிப்பு. எங்கள் பக்கத்து ஆடுகள் விரும்பித் தின்னும் காய்ந்த மத்தி மீன், ஊறவைத்த பேரீச்சங்கொட்டை எல்லாம் அதற்குத்தான் முதலில். நரி வந்துபோய்ச் சில வாரம் கழித்து ஒருநாள் அது தீனியைத் தொடவில்லை. வாயில் நூல்நூலாக எச்சில் வடிந்தது. கத்தினால் குரல் கரகரத்தது. எங்கள் ஊரில் இதற்கு யாரும் யோசிக்கவே மாட்டார்கள். கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கிறது என்பார்கள். உடனே ஹுமைத்தைக் கூப்பிடுவார்கள்.

அவர் கை பெண்பிள்ளை கை மாதிரி ஒல்லி. எந்த ஆட்டின் தொண்டைக்குள்ளும் போய்க் கொட்டையை எடுத்து வந்துவிடும். எனக்கு அந்தப் பெருமை ஒருநாளும் பிடித்ததில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்களுக்குத் தன் பிள்ளை என்று ஒன்று வாய்க்கவே இல்லை, ஆனாலும் அவர் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

"ஹுமைத் அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க, ஆடு மூச்சு முட்டுது!" ராயா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"சாப்பிடற சோத்தை முடிச்சிட்டுப் போங்க. ஆடு எங்கயும் ஓடிடாது" என்றேன்.

"சோறும் ஓடிடாது" என்று எழுந்துவிட்டார்.

காய் பிடிப்பதற்காகப் பேரீச்சைப் பெண்மரங்களில் ஆண்பூ வைக்கும் காலம் அது. தினமும் மரம் ஏறி இறங்கி அவர் கையெல்லாம் முள் கிழித்த கோடுகள். அந்தக் கையை முழங்கை வரை உள்ளே விட்டார். ஆடு திமிறியது. "ஷம்ஸா, நீ ரெண்டு பக்கமும் தாடையை இழுத்துப் புடிம்மா" என்றார். அந்தப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளே கொட்டை எதுவும் இல்லை. வயிற்றுக்குள் இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் கை கழுவிவிட்டு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். ஆடு செத்தது. புதைத்தார்கள். ராயா இரண்டு நாள் புலம்பினாள், பிறகு வேறு ஆடு வாங்கினாள்.

பூ வைத்த குலைகளில் காய் பிடிக்கத் தொடங்கியபோது அவருக்குக் கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் காய்ச்சல் வந்தது. தூக்கம் போயிற்று. ஒருநாள் பகல் தொழுகைக்கு வாய்க்கால் படியில் இறங்கினார். தண்ணீரை அள்ளினார். முகத்துக்குக் கொண்டு போகும்போது தொண்டை இழுத்துக்கொண்டது, அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். பிறந்ததிலிருந்து அந்த வாய்க்காலில் குளித்த மனிதர், அதன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார். நான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு போனேன். "எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ" என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

மோதினார்தான் முதலில் புரிந்துகொண்டார். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "ஊசி போடறப்போ டாக்டர் எனக்கு இதைத்தான் சொன்னாரு. வெறி புடிச்சது கடிச்சா தண்ணியைக் கண்டு பயம் வருமாம்" என்றார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் நாய் கடித்ததா, நரி கடித்ததா என்று கேட்டார்கள். எதுவும் கடிக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணினேன். கட்டிலில் கிடந்தவர்தான் தெளிவாகச் சொன்னார், "ஆடு. ராயா வீட்டு ஆடு. வாய்க்குள்ள கையை விட்டேன்." டாக்டர் என்னை வெளியே கூட்டிப்போய், இதற்கு இனி மருந்து இல்லை என்றார். அவர் எச்சில் பட்ட கிண்ணத்தை நானும் தொட்டிருக்கிறேன் என்று என் கையில் ஊசி போட்டார்கள். அந்த ஆட்டை வேறு யார் தொட்டது என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் நினைவு வரவில்லை, என் தலைக்குள் ஒன்றுமே இல்லை.

உள்ளே போனேன். அவருக்கு வலிப்பு அடங்கியிருந்தது. கண் தெளிந்து, பழைய ஹுமைத்தாக இருந்தார்.

"ஷம்ஸா" என்றார். "தாடையைப் புடிச்சது ஷம்ஸா. அவளுக்கு இன்னும் ஒண்ணும் வரலையே?"

"நல்லாத்தான் இருக்கா."

"அப்ப நேரம் இருக்கு. நீ போ. போய் அவளை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போ."

அப்போது எங்கள் ஊருக்குத் தொலைபேசி வரவில்லை. ஆஸ்பத்திரி வண்டி போகத் தயாராக இருந்தது. டாக்டர் என் காதோடு சொன்னார், "இந்தத் தெளிவு கொஞ்ச நேரம்தாம்மா. திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க இருக்கறதுன்னா இருங்க, நாங்க ஆள் அனுப்பறோம்."

"நான் போகல. இவங்க ஆள் போய்ச் சொல்லட்டும்" என்றேன்.

"ராயாவை உனக்குத் தெரியாதா? மாசமா இருக்கற புள்ளைக்கு ஊசின்னா கதவைச் சாத்திடுவா. நீ சொன்னாதான் கேப்பா."

"கேக்காட்டிப் போகட்டும். அவ பொண்ணு, அவ பாடு!"

"ஸுவைனா, நான்தான் அந்தப் பொண்ணைப் புடிக்கச் சொன்னேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாகப்போகிறவரிடம் சண்டை போட்டேன். "ஊர்ல யார் ஆட்டுக்குத் தொண்டை அடைச்சாலும் நீங்க. யார் வாளி கிணத்துல விழுந்தாலும் நீங்க. எனக்குன்னு ஒரு நாழியாவது இருந்திருக்கீங்களா? இதையும் ராயா பொண்ணுக்கே குடுக்கணுமா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தொண்டையை இழுத்துவிடுமோ என்று எனக்குப் பயம். "போய்ட்டு வந்து மிச்சத்தைத் திட்டு. கட்டிப் போட்டிருக்காங்க, எங்க போயிடப்போறேன்?" என்றார்.

போனேன்.

அவர் சொன்னபடியே ராயா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "கடிச்சா ஊசி போடலாம். என் பொண்ணை எது கடிச்சுது? ஊசியைப் போட்டு வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அவரை எது கடிச்சுது ராயா?" என்று கேட்டேன். "உன் ஆட்டுக்குத்தானே கையை விட்டாரு? தண்ணியைப் பார்த்து அலறறாரு. தாகத்துல நாக்கு காஞ்சு கிடக்கறாரு, ஒரு சொட்டு இறங்கல. உன் பொண்ணையும் அப்படிப் பாக்கணுமா உனக்கு?" சட்டைக் கையை ஏற்றி ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன். "எனக்கே போட்டிருக்காங்க. அவரை விட்டுட்டு வந்திருக்கேன்டி. பேசறதுக்கு எனக்கு நேரம் இல்ல."

ராயா வாயில் முக்காட்டு நுனியை வைத்துக்கொண்டு அழுதாள். ஷம்ஸாதான் அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "வா சித்தி, போலாம்" என்றாள். மருந்தகத்தில் அவளுக்கு ஊசி போடும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊசியால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று சூடான்கார டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தது, அது எனக்குப் பொறுக்கவில்லை. மனதில் இருந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

திரும்பும் வழியில் வண்டி ஆற்றுப்படுகைக் கல்லெல்லாம் ஏறி ஏறி இறங்கியது. ஓட்டுநரைத் திட்டினேன். கல்லைத் திட்டினேன். அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டையும் உள்ளுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலில் திட்டுவது, பிறகு ஷம்ஸாவுக்கு ஊசி போட்டாச்சு என்று சொல்வது, பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வாசலில் நர்ஸ் நின்றாள். "இவ்வளவு நேரமும் தெளிவாத்தான் இருந்தாரும்மா. 'வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இப்பத்தான்..." என்று நிறுத்தினாள்.

அவர் உயிரோடு இருந்தார். கையும் காலும் கட்டிலோடு கட்டியிருந்தன, வாயோரம் நுரை காய்ந்திருந்தது. தலைமாட்டில் போய் நின்று, "போட்டாச்சு. அவளுக்குப் போட்டாச்சு. நான் வந்துட்டேன்" என்றேன். அவர் திரும்பினார். கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தாரே, அதே பார்வையால் என்னைப் பார்த்து, கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒதுங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. இன்னும் கிட்டே போனால் பயப்படுவார் என்று, விடியும்வரை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.