மேனேஜர் மடியில் இருந்தபோது

சித்தப்பா வாசலில் நின்று அண்ணே என்று கூப்பிட வாயெடுப்பதற்குள் மகள் ஓடிப்போய் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு கட்டைவிரலால் கூடத்தின் பக்கம் சுட்டினாள். ஜன்னலோர நாற்காலியில் அப்பா சாய்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது, மடியில் பூனை சுருண்டு கிடந்தது. சித்தப்பாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திருட வந்தவர் மாதிரி அடிமேல் அடி வைத்து உள்ளே வந்தார்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் மடியில் பூனை படுத்திருக்கிறதோ அவரை எழுப்பக்கூடாது, கூப்பிடக்கூடாது, வேலை ஏவக்கூடாது. சட்டம் போட்டவர் அப்பாதான். லிப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழியைச் சுத்தம் செய்யப் போனவர், கிரீஸில் ஊறிப்போன குட்டி ஒன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் ஒழுகுது, பரண் மேலே இருக்கிறதை இறக்கணும் என்று அம்மா ஆரம்பித்தால் போதும், அடுத்த நிமிடம் மேனேஜர் அவர் மடியில் இருக்கும். மீட்டிங் நடக்கிறது என்று கண்ணாலேயே சைகை காட்டுவார். பூனையை வரவழைக்கச் சட்டைப்பையில் பிஸ்கட் துண்டு வைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும், தெரியாதது மாதிரி நடித்தார்கள். அம்மாவும் மகளும் அதே சட்டத்தைச் சொல்லி எத்தனையோ நாள் பாத்திரம் கழுவாமல் தப்பித்தவர்கள் என்பதால் யாருக்கும் அதை மாற்ற மனமில்லை.

சித்தப்பாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவசரத்துக்கு லிப்ட் கதவைத் திறக்கிற சாவி வேண்டுமென்று கிசுகிசுத்தார். சாவி அப்பாவின் தோள்பையில் இருந்தது, பை அவர் சாய்ந்திருந்த நாற்காலியின் முதுகில் தொங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், அப்பாவின் தோளில் உரசாமல் பையின் வாரை மெல்ல விடுவித்தாள். மேனேஜர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. சாவியை வாங்கிக்கொண்ட சித்தப்பா, வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்து, குடுத்து வச்ச மனுஷன் என்று சத்தமில்லாமல் வாயசைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது மணி பதினொன்று.

பதினொன்றரைக்கு அம்மா மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்து டீ போட்டாள். ஒரு டம்ளரை அப்பாவின் பக்கத்து ஸ்டூலில் சத்தமில்லாமல் வைத்தாள். எழுந்தால் குடிக்கட்டும் என்று ஒரு தட்டு போட்டு மூடினாள். சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்கக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். வீடே அந்த மனிதரின் தூக்கத்துக்குக் காவல் இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு மேனேஜர் எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, கீழே குதித்துத் தன் கிண்ணத்தைப் பார்க்கப் போனது.

"ஏங்க, மீட்டிங் முடிஞ்சாச்சு. எந்திரிச்சு வந்து அந்த மோட்டார போடுங்க" என்று சமையலறையிலிருந்தே அம்மா குரல் கொடுத்தாள். பதில் இல்லை. நடிக்கிறார் என்று மகளுக்குத் தோன்றியது, இதற்கு முன்னும் நடித்திருக்கிறார். பக்கத்தில் போய், "அப்பா, போதும்பா" என்று மடியில் தட்டினாள். மடி கதகதவென்று இருந்தது. பிறகு கையைப் பிடித்தாள்.

கை சில்லென்று இருந்தது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள். அந்தக் கையைத் தொட்ட உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், மணிக்கட்டில் விரல் வைத்து அழுத்தினாள். இடம் மாற்றி அழுத்தினாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. மடி இவ்வளவு சூடாக இருக்கும்போது கை எப்படிச் சில்லிடும் என்ற ஒரே கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு வந்து நின்று, ஏன்டி அப்படி நிக்கிற என்று கேட்டபோதும் அவள் விரல் அப்பாவின் கழுத்திலேயே இருந்தது.

அடுத்த தெரு டாக்டர் வந்தார். பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே, நீங்க பாக்கும்போதே ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும், கூடவும் இருக்கலாம், மாரடைப்புதான் என்றார். தட்டு மூடியிருந்த டம்ளரின் மேல் அவர் பார்வை போனது.

"யாரும் பக்கத்துல இல்லையா?"

"எல்லாரும் இருந்தோம்" என்றாள் மகள்.

அதன் பிறகு வீடு நிரம்பிவிட்டது. யார் யாரோ வந்தார்கள், நாற்காலிகளை நகர்த்தினார்கள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மகளுக்கு அழுகையே வரவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்தால் பத்தே முக்கால். அப்படியானால் பை எடுக்கும்போதே அவர் இல்லை. டாக்டர் சொன்னது உத்தேசம்தானே, ஒன்றரை மணி நேரமாக இருந்தால்? அப்படியானால் பதினொரு மணிக்கு அவருக்கு மூச்சு இருந்திருக்கிறது, அவள் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் நின்று, உரசிவிடக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து வாரை உருவியிருக்கிறாள். இரண்டில் எது நல்லது என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படிப் போட்டாலும் கணக்கு அவள் கழுத்தைத்தான் பிடித்தது.

சித்தப்பா சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் சொன்னார். பதினொரு மணிக்கு நானே பார்த்தேன், அருமையாகத் தூங்கிக்கொண்டிருந்தார், யார் நினைத்தது என்று ஒரே பாட்டாகச் சொன்னார். நான்காவது ஆளிடமோ ஐந்தாவது ஆளிடமோ சொல்லும்போது, "பதினொரு மணிக்குக்கூட நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கூட்டத்தைத் தாண்டி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் முகம் வெளுத்துப்போனது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போய், சித்தப்பா மட்டும் மிச்சமிருந்தார். மேனேஜர் முந்தின நாளிலிருந்தே கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன் மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது. உனக்குக்கூடவா தெரியவில்லை என்று அதைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒருவேளை தெரிந்துதான் எழுந்திருக்காமல் இருந்ததோ என்றும் தோன்றியது. ஆனாலும் கிண்ணத்தில் சோறு வைத்தாள்.

அம்மா கூடத்துச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. சாயங்காலம் நாலு மணிவாக்கில் கண் சொக்கித் தலை பின்னால் சாய்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மேனேஜர் வெளியே வந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஜன்னலோர நாற்காலியை முகர்ந்து பார்த்தது. பிறகு சோபாவில் தாவி ஏறி அம்மாவின் மடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சித்தப்பா, பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தினார். வீடு சத்தமில்லாமல் ஆனது.

அவளுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று புடவை மடிப்பையே பார்த்தாள், சரியாகத் தெரியவில்லை. இரண்டே எட்டில் கூடத்தைக் கடந்து போய், பூனைக்கு மேலாகக் குனிந்து, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மேனேஜர் திடுக்கிட்டுக் குதித்து ஓடியது. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தன் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்திருக்கிற விதத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டீ வச்சேன்ல. அப்ப நானும் தொடல."

மகள் தரையில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி துடிப்பை எண்ணத் தொடங்கினாள். ஒரு நிமிடத்துக்கு எண்ணினால் போதும். முள் ஒரு சுற்று வந்து, இரண்டாவது சுற்றும் வந்தது. அம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள், கையை மட்டும் அவளிடமே விட்டிருந்தாள்.